ஒரு சோறும் ஐந்து விரலும்

காவிரிப் பாசனத்தில் பிறந்தவனுக்குச் சோற்றுப் பதம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொதிக்கிற உலையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் பானை முழுக்க என்ன நிலை என்று தெரிந்துவிடும். ஒரே வயல், ஒரே நெல், ஒரே தண்ணீர், ஒரே தீ. அரிசிக்கு இந்த நீதி செல்லும். மனிதருக்கும் இதையே தீர்ப்பாக எழுதும் ஊர்கள் நம்முடையவை. அடுத்த தெருப் பையன் ஒருவன் கைப்பேசி திருடி மாட்டிக்கொண்டால் டீக்கடை பெஞ்சு உடனே சொல்லும்: "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்க. அவங்களே அப்படித்தான்." நம் தெருப் பையன் அதே கைப்பேசியைத் திருடிவிட்டு அதே காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தால்? அதே பெஞ்சு, அதே வாய்: "அஞ்சு வெரலும் ஒண்ணாவா இருக்கு? ஏதோ ஒண்ணு தறுதலையாப் போச்சு."

அவர்களுக்குப் பானை, நமக்கு விரல். வெள்ளைக்காரன் காலத்துத் தண்டனைச் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2024 ஜூலையில் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். இரண்டே பிரிவு கொண்ட இந்தத் தெருச் சட்டத்தில் மட்டும் யாரும் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை. இதற்கு வக்கீல் வேண்டாம், வாய்தா வேண்டாம், சாட்சி வேண்டாம். எதிரே நிற்பவனிடம் ஒரே ஒரு கேள்வி போதும். சாதியை வாய்விட்டுக் கேட்பது அநாகரிகம் என்று நாம் எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டதால், "தம்பிக்கு எந்தத் தெரு?" என்று அன்பாகக் கேட்போம். பதில் வந்ததும் முகத்தில் ஒரு சின்ன மாற்றம். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. அதற்குப்பின் தம்பி என்ன படித்திருக்கிறார், என்ன நினைக்கிறார், நல்லவரா, பொல்லாதவரா என்பதெல்லாம் உபரித் தகவல்.

வேதாரண்யத்தில் 2019 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை, இந்தச் சட்டம் நடுத்தெருவில் அமலானது.

ஒரு கார் ஒரு ஆள்மேல் மோதியது. இந்த நாட்டில் தினமும் நடக்கிற விபத்து. ஓட்டியவருக்கு ஒரு பெயர் உண்டு, காலடியில் ஒரு பிரேக் உண்டு. அடிபட்டவருக்கும் ஒரு பெயர் உண்டு, உடம்பில் வலி உண்டு. ஓட்டியவர்மேல் ஒரு வழக்கு, அடிபட்டவருக்கு வைத்தியம், காப்பீட்டுக் கம்பெனியோடு நாலு வருட அலைச்சல் என்று போயிருக்க வேண்டிய விஷயம். ஆனால் அடிபட்டவர் பட்டியல் சாதிக்காரர், கார்க்காரர் வேறு சாதி. காவல் நிலையத்தின் கண்ணெதிரே கார் கொளுத்தப்பட்டது. கார் எரிந்ததும் ஒரு கும்பல் திரண்டு வந்தது. அது கொளுத்தியவனைத் தேடவில்லை. பேருந்து நிலையப் பக்கம் போய் அம்பேத்கர் சிலையின் தலையை எடுத்தது.

அம்பேத்கர் அன்று கார் ஓட்டவில்லை. காரைக் கொளுத்தவும் இல்லை. 1956 டிசம்பர் 6-க்குப் பிறகு அவர் எந்தச் சாலையையும் கடந்ததே இல்லை. ஆனாலும் தண்டனை அவருக்குத்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருவில் ஒரு சோறு வேகவில்லை என்றால் பானையை உடைக்க வேண்டும். பானையின் முகம் அந்தச் சிலையில் இருக்கிறது.

பீடத்தில் ஏறி நின்று அடித்த கைகள் கைப்பேசிகளில் பதிவாயின. அன்று ராத்திரிக்குள் அந்தக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. சட்டையின் நிறம் தெரிகிறது, ஓங்குகிற தோள் தெரிகிறது, கீழே நின்று வேடிக்கை பார்க்கிறவர்களும் தெரிகிறார்கள். இவ்வளவு தெளிவாகத் தனித்தனி மனிதர்கள் தெரிந்த ஒரு காட்சிக்கு நம் செய்தி மொழி வைத்த பெயர் "இரு தரப்பினர் மோதல்". தரப்பு பீடத்தில் ஏறியதா? தரப்புக்கு உள்ளங்கை உண்டா, அதில் கொப்புளம் வந்ததா?

மறுநாளே அரசு புதுச் சிலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. என்ன வேகம்! ஒன்பது மாதம் முன்னால் கஜா புயலில் இதே தாலுகாவில் கூரை பறந்தவர்கள் ஒரு தார்ப்பாய்க்கு எத்தனை நாள் நின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தென்னையும் மாமரமும் வேரோடு போனவர்கள் கணக்கெடுப்பு அதிகாரியின் முகத்தைப் பார்க்க எத்தனை நாள் ஆயிற்று என்றும் கேளுங்கள். சிலைக்கு மட்டும் ஒரு ராத்திரி போதுமாயிருந்தது. புதுச் சிலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வைத்தது சரி. ஆனால் அந்த வேகத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. உடைந்தது ஒரு சிலை, வைத்தது ஒரு சிலை, வரவும் செலவும் நேர்.

நம் அலுவலகங்கள் பேரேடு எழுதும் அழகு இதுதான். குற்றத்தைப் பொதுக்கணக்கில் எழுதுவார்கள், காயத்தைத் தனிக்கணக்கில். இருக்க வேண்டியது நேர் தலைகீழாக. சுத்தியலைப் பிடித்தது ஒருவனுடைய கை, தீக்குச்சியைக் கிழித்ததும் ஒருவனுடைய கை. அந்தந்தக் கைக்கு அந்தந்தப் பெயரில் வழக்கு. காயம் அப்படியில்லை. தலையில்லாத அந்தச் சிலையைக் கைப்பேசியில் பார்த்த ஒவ்வொரு பட்டியல் சாதிக் குழந்தையும், நாளைக்கு நம் தெருவுக்கும் வருவார்கள் என்று புரிந்துகொண்டது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது அதனால்தான்: அடி ஒருவன்மேல் விழுந்தாலும் வலி தெரு முழுக்கப் போகிறது. "நீங்க சாதி பாக்காதீங்க" என்று அடிபட்டவனிடம் போய் அறிவுரை சொல்கிற பெரிய மனிதர்களுக்கு இது ஒருநாளும் புரியாது. பார்த்தவன் அடித்தவன். அவனிடம் போய்ச் சொல்வதற்கு இவர்களுக்குத் தைரியம் இல்லை.

இதற்குப் பிறகு வழக்கமான திருவிழா ஒன்று உண்டு, அமைதிப் பேச்சுவார்த்தை. எந்த ஊரில் எந்தக் கலவரம் நடந்தாலும் இதன் காட்சி மாறாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், நடுவில் டீயும் மிக்சரும். உடைத்தவன் அங்கே இருக்க மாட்டான். அவன் சார்பாக அவன் சாதியின் மரியாதைக்குரிய முகங்கள் இருக்கும். உடைபட்டவர்கள் சார்பாகச் சில முகங்கள் "ஊர் அமைதியை முன்னிட்டு" கையெழுத்துப் போடும். குற்றவாளி இல்லாமல் சமாதானம் செய்துவைக்க உலகத்தில் நம்மைப்போல் கெட்டிக்காரர்கள் கிடையாது. பெண் இல்லாமல் மாப்பிள்ளை இல்லாமல் சம்பந்திகள் மட்டும் கூடித் தாலி கட்டிக்கொள்வதற்குச் சமம் இது.

ஒரு சோறு கெட்டதென்று பானையை உடைப்பது பாதி வித்தை. பானை நல்ல பானை என்பதால் கெட்ட சோற்றைக் காப்பாற்றுவது மீதிப் பாதி. அதற்கும் நம் சீமையிலேயே அத்தாட்சி உண்டு. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று குடிசையோடு எரிக்கப்பட்டவர்கள் 44 பேர், கூலி கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்தவர்களை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெருநிலக்காரர்கள், அவர்களில் ஒருவரிடம் காரே இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. தீ வைத்த கையை மேல்கோர்ட்டு தேடியபோது எதிரே வந்து நின்றது கார். கார் வாங்குகிறவர்களுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பதிவுச் சான்றோடு நிரபராதிச் சான்றிதழையும் சேர்த்தே கொடுத்திருக்கலாம்; அலைச்சல் மிச்சம்.

இந்த வித்தையை முறைப்படி சட்டமாக அச்சடித்துக் கொடுத்தவன் வெள்ளைக்காரன். 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. குழந்தை தொட்டிலில் கிடக்கும்போதே திருடன், எதைத் திருடினான் என்று கேட்கக்கூடாது. ஆளைப் பிடித்து ரேகை வாங்கினார்கள். உலகத்தில் இன்னொருவனுக்கு இல்லாத ஒன்று, ஒருவனுக்கே உரிய ஒன்று, கட்டைவிரல் ரேகை. அதை மையில் ஒற்றி எடுத்துத்தான் "நீ இந்தக் கூட்டம்" என்று முத்திரை குத்தினார்கள். இதைவிடக் குரூரமான நகைச்சுவையை எந்த நாடகக்காரனும் எழுதியதில்லை. ரேகை கொடுக்க மாட்டோம் என்று நின்றவர்களை 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். 1947-இல் மாகாணத்தில் சட்டம் போயிற்று. அந்த வரலாற்றை மேடை போட்டு முழங்குகிறவர்களில் சிலர், அதே மேடையில், அதே மைக்கில், பக்கத்துத் தெருவின் பிறவிக் குணத்தைப் பற்றியும் முழங்குகிறார்கள். எல்லோரும் அல்ல, சிலர். அந்தச் சிலரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், அவர்கள் சாதியைக் கேட்காதீர்கள்.

வேதாரண்யத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு, சுதந்திர தினத்தன்று மட்டும் தூசி தட்டுவோம். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியின் உப்புச் சத்தியாகிரகப் படை மாசக் கடைசியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பள்ளியது. சர்தார் வேதரத்தினம் பிள்ளை ஊரில் வரவேற்றார். வழியெல்லாம் கலெக்டர் தார்னின் மிரட்டல்: இவர்களுக்குச் சோறு போட்டாலும் இடம் கொடுத்தாலும் சிறை. ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். போலீசால் மரத்தைக் கைது செய்ய முடியவில்லை.

அந்த நாட்களில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் இருக்கும்போது அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியை மடித்து வைத்துவிட்டார். மீதி முகத்தையும் மழிக்கச் சொல்லிக் கோர்ட்டே சொல்லியும் மறுத்துச் சிறைக்குப் போனார். இவரும் கூட்டத்தைப் பார்த்துத்தானே தீர்ப்புச் சொன்னார் என்று ஒரு புத்திசாலி கேட்பார், கேட்கட்டும். காக்கிச் சட்டை பிறவியில் வருவதில்லை. காலையில் மாட்டுவது, ராத்திரி கழற்றுவது. அதைப் போட்டுக்கொண்டு உப்பள்ளியவர்களை அடிக்கிற வேலைக்குத்தான் வைரப்பன் ஒத்துழைக்க மறுத்தார். அந்தப் போலீஸ்காரர் எந்தத் தெருவில் பிறந்தார் என்று அவர் கேட்டதாகக் கதை இல்லை. இதில் எனக்கு ஒரு எரிச்சல் மட்டும் தீரவில்லை. விழா மேடையில் ராஜாஜி ராஜாஜிதான், வேதரத்தினம் சர்தார், வைரப்பன் மட்டும் "நாவிதர் வைரப்பன்". தியாகத்துக்குப் பிறகும் தெருவைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

இந்த ஊர்க் கோயிலின் கதவுக் கதை தெரிந்ததுதான். வேதங்கள் பூட்டிவிட்டுப் போன கதவைத் திறக்க அப்பர் பதிகம் முழுவதையும் பாட வேண்டியிருந்தது, சம்பந்தர் பாடத் தொடங்கியதுமே அது அடைத்துக்கொண்டது. கதவோ தெருவோ, அடைப்பது எளிது, திறப்பதற்குத்தான் பாடு என்பதைத் திருமறைக்காடு என்று பெயர் கொண்ட இந்த ஊர் அப்போதே சொல்லிவிட்டது.

தெருவும் சாதியும் வெறும் தோற்றம் என்று ஞானம் பேசி நழுவுகிறவர்களும் உண்டு; அதனால் இனி ஜென்னுக்கு வருவோம். தமிழ்நாட்டில் இப்போது ஜென் தெரியாத ஆளே இல்லை. வரவேற்பறையில் சின்ன மூங்கில், பித்தளைப் புத்தர், சுவரில் வட்டம் ஒன்று. சிலை உடைந்த வாரம் இந்த ஞானிகளில் ஒருவர் சொல்வார்: "உடைத்தவன் யார், உடைபட்டது எது? தனிமனிதன் என்பதே தோற்றம்தானே? அது வெறும் சிமென்ட்." உடனே இன்னொருவர் டான்ஷியா கதையை எடுத்துப் போடுவார். குளிர் தாங்காமல் கோயிலில் இருந்த மரப் புத்தரை எரித்துக் குளிர்காய்ந்த சீனத் துறவி. கோயில்காரர் கத்தியதும் சாம்பலைக் கிளறி, புத்தரின் அஸ்தியைத் தேடுகிறேன் என்றார். மரத்தில் ஏது அஸ்தி என்று கேட்டதும், அப்படியானால் இன்னும் இரண்டைக் கொடு, எரிக்கலாம் என்றார். கதை சரி. ஆனால் டான்ஷியா தனக்குக் குளிர்ந்ததால் எரித்தார். தன் கையால் எரித்தார். கேட்க வந்தவன் முன்னால் ஓடாமல் உட்கார்ந்து பதில் சொன்னார். முதல் தகவல் அறிக்கையில் "மற்றும் பலர்" என்ற நிழலுக்குள் அவர் ஒளியவில்லை. வேதாரண்யத்தில் ஆகஸ்டில் யாருக்கும் குளிரவில்லை.

ஜென் குரு லின்ஜியைப் படித்தவர்களாக இருந்தால் இவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். எந்தப் பதவியும் படிநிலையும் இல்லாத மனிதன் ஒருவன் உங்கள் ஒவ்வொருவர் முகத்திலும் வந்துபோகிறான் என்று அவர் சபையில் சொன்னார். யார் அவன் என்று ஒரு துறவி கேட்டார். லின்ஜி ஆசனத்திலிருந்து இறங்கி வந்து கேட்டவனையே பிடித்து உலுக்கி, சொல் சொல் என்றார். அவன் மடத்தையோ ஊரையோ அவர் பிடிக்கவில்லை. எதிரே நிற்கிற அந்த ஒருவன்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஜென் இவ்வளவுதான், நம் காவல் நிலையத்துக்கும் இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஜென்னின் ஆறாம் குரு ஹுய் நெங் கதையும் நம் டீக்கடையில் நடந்திருக்கக்கூடியது. விறகு வெட்டிப் பிழைத்தவர், எழுத்து வாசனை இல்லை, தென்கோடிக்காரர். ஐந்தாம் குருவிடம் போய் நின்றதும் குரு கேட்ட முதல் கேள்வியே எங்கிருந்து வருகிறாய் என்பதுதான். எந்தத் தெரு! பதிலைக் கேட்டதும், தெற்கத்திக் காட்டுமிராண்டி நீ, நீ எப்படிப் புத்தனாவாய் என்றார். மனிதருக்கு வடக்கு தெற்கு இருக்கலாம், புத்தத் தன்மைக்கு ஏது வடக்கு தெற்கு என்று விறகுவெட்டி திருப்பிக் கேட்டார். குரு புரிந்துகொண்டார். என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? நெல் குத்துகிற கொட்டடிக்கு அனுப்பினார். எட்டு மாதம் நெல் குத்தினார் ஹுய் நெங். அப்புறம் நடுராத்திரியில் ரகசியமாக அங்கியைக் கொடுத்து, இங்கே இருந்தால் உனக்கு ஆபத்து, ஓடிவிடு என்று வழியனுப்பினார். மடத்திலிருந்து ஒரு கூட்டம் அங்கியைப் பிடுங்கத் துரத்தியது. ஞானிகள் கூடிய இடத்திலேயே கூலிக்காரனுக்குப் பட்டம் பகலில் கிடைக்கவில்லை.

ஜப்பானில் நடந்தது இன்னும் மோசம். இறந்தவருக்குப் புத்தப் பெயர் ஒன்றைக் கொடுத்துக் கல்லறையில் வெட்டுவது அங்கே வழக்கம். சோட்டோ ஜென் கோயில்கள், மற்றப் பிரிவுகளைப்போலவே, புராகுமின் என்ற ஒதுக்கப்பட்ட மக்களுக்கு மட்டும் அந்தப் பெயரில் மிருகம், தோல், அடிமை என்ற பொருள் தரும் எழுத்துகளைச் சேர்த்து வெட்டின. தோல் பதனிட்டவர்கள், செத்த மாட்டைத் தூக்கியவர்கள்; நமக்குப் புதிதாக விளக்க வேண்டாம். வடக்கு தெற்கு இல்லை என்று தினமும் சூத்திரம் ஓதிய அதே கைகள், பிணத்துக்குத் தெரு பார்த்துப் பெயர் வெட்டின. 1979-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த உலகச் சமய மாநாட்டில் சோட்டோவின் தலைவர்களில் ஒருவரான மச்சிதா முனேயோ, ஜப்பானில் அப்படிப்பட்ட பாகுபாடே இல்லை என்று எழுந்து சொன்னார். "எங்க ஊர்ல எல்லாரும் அண்ணன் தம்பியாத்தான் பழகுறோம்" என்பதன் ஜப்பானிய வடிவம். புராகு விடுதலை அமைப்பினர் விடவில்லை. சொன்னவரை, அந்த ஒருவரை, கூப்பிட்டு உட்காரவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 1984-இல் அடுத்த மாநாட்டில் அவரே எழுந்து, சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார். சோட்டோ கோயில்கள் கல்லறைகளையும் பதிவேடுகளையும் தேடித் திருத்தும் வேலையில் இறங்கின. ஐந்து வருடம் பிடித்தது, ஆனாலும் ஒரு மனிதர் தன் வாயால் சொன்னதைத் தன் வாயால் திருப்பி எடுத்தார். சிலை உடைப்புக்குப் பிறகு நம் சமாதானக் கூட்டங்களில் இப்படி ஒருவர் எழுந்து "நான்" என்று ஆரம்பித்துப் பேசியதாக எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? வாய் திறந்தால் "எங்க சமுதாயம்" என்றுதான் வரும்.

கல்லறையில் மிருகம் என்று வெட்டிய பாவம் நமக்கு இல்லை. நாம் அவ்வளவு மெனக்கெடுவதில்லை, எழுத்துக்கூலி மிச்சம். டெல்டாவின் எத்தனையோ ஊர்களில் சுடுகாடே தனி, அதற்குப் போகிற பாதையே தனி. சில இடத்தில் பாதை இல்லாததால் பிணத்தை வரப்பு வழியாக, இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். புகைப்படம் பத்திரிகையில் வந்தால் அரசு விழித்துக்கொள்ளும். விழித்துக்கொண்டு ஒரே சுடுகாடாக ஆக்கும் என்றா நினைக்கிறீர்கள்? "ஆதிதிராவிடர் மயானம்" என்று பலகை வைத்து, அதற்கென்று தனியாக எரிமேடையும் சிமென்ட் சாலையும் போட்டுத் தரும். இந்த ஏற்பாடு முழுவதிலும் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, எல்லாம் வழக்கம், எல்லாம் ஊர், எல்லாம் தரப்பு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தனிமனிதர் ஒருவர் தெளிவாக இருப்பார். சாலை தொடங்குகிற இடத்தில் கறுப்புக் கிரானைட் கல், அதில் தங்க எழுத்தில், பட்டத்தோடு, இனிஷியலோடு, திறந்துவைத்தவர் பெயர்.